தாத்தா பெயரில் இருக்கும் கிராமத்து நிலம்: எங்கே தேடுவது, எந்தப் பத்திரமாகப் பதிவது

தாத்தா இறந்து முப்பது நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும் நிலங்கள் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் உண்டு. உழுவது ஒருவராகவும், தீர்வை கட்டுவது இன்னொருவராகவும், பங்குக்கு உரியவர்கள் சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலுமாகவும் இருக்கும் இத்தகைய நிலத்தை முறைப்படுத்த முனையும் குடும்பம் இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. பழைய ஆவணங்களை எந்த வழியில் தேடுவது என்பது முதலாவது. கிடைத்ததை வைத்து எந்த வகைப் பத்திரத்தை எழுதிப் பதிவது என்பது இரண்டாவது. நடைமுறையில் பெரும்பாலோர் இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறார்கள். எதற்குச் செலவு குறைவு என்று பத்திர எழுத்தரிடம் கேட்டு, அவர் சொல்லும் வகையில் எழுதிவிடுகிறார்கள். தேடலில் தெரியவருவதுதான் பத்திரத்தின் வகையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வரிசையிலேயே இந்த ஒப்பீட்டை அமைத்திருக்கிறேன்.

பட்டாவில் தேடுவதா, பத்திரத்தில் தேடுவதா

எளிதானதும் செலவில்லாததும் வருவாய்த் துறைப் பதிவேடுகளைப் பார்ப்பதுதான். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டா–சிட்டா விவரம், கிராமத்தின் புலங்களை வரிசையாக எழுதிய அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் அரசின் இணையச் சேவையில் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். நிலம் நஞ்சையா புஞ்சையா, பரப்பு எவ்வளவு, இன்று யார் பெயரில் இருக்கிறது, பக்கத்துப் புலங்கள் எவை என்பதெல்லாம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆனால் பட்டா, நிலத்துக்கு யார் பொறுப்பு, யாரிடம் தீர்வை வாங்குவது என்பதற்காக வருவாய்த் துறை வைத்துக்கொள்ளும் பதிவு. அது மட்டுமே ஒருவருக்கு உரிமையைத் தந்துவிடாது என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நிலவுடைமைப் பதிவேடு மேம்பாட்டுப் பணி 1979-இல் தொடங்கி 1980-களில் ஊர் ஊராக நடந்தபோது, பழைய புல எண்கள் உட்பிரிவு செய்யப்பட்டன, பெயர்கள் புதிதாக எழுதப்பட்டன. அந்தச் சமயத்தில் ஊரில் இல்லாத பங்காளியின் பெயர் விடுபட்டதும், மூத்த சகோதரர் பெயரில் மட்டும் பட்டா விழுந்ததும், பரப்பு கூடியதும் குறைந்ததும் பல கிராமங்களில் நடந்தவை. அப்படி விடுபட்ட பெயருக்கு உரிய பங்கு அதனால் அழிந்துவிடுவதில்லை. அந்தப் பங்கைக் காட்டும் சான்று பத்திரத்தில் இருக்குமே தவிர, பட்டாவில் இருக்காது. மாறாக, ஜமீன், இனாம் கிராமங்களில் 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தையும் பின்வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்களையும் ஒட்டி விசாரணை நடத்தி வழங்கப்பட்ட ரயத்துவாரிப் பட்டாவை (அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் நில உரிமைக்கான பட்டா) இந்தப் பொது விதியோடு சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது. அங்கே மூல ஆவணமே அந்தப் பட்டாவாக இருக்கலாம். அதற்கு முந்தைய பத்திரத்தைத் தேடி அலைவது வீண்.

வருவாய்ப் பதிவேட்டைப் பார்த்தே ஆக வேண்டிய வேறொரு காரணமும் உள்ளது. நிலம் அரசு புறம்போக்கா, கோயில் நிலமா, நிபந்தனையுடன் ஒப்படை செய்யப்பட்டதா, 1892-ஆம் ஆண்டு ஆணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலமா என்பதற்கான குறிப்பு அ-பதிவேட்டிலும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டிலும்தான் இருக்கும். பஞ்சமி நிலத்தை அந்தச் சமூகத்தினர் அல்லாதவருக்கு எழுதிய பத்திரம் எத்தனை முறை கைமாறியிருந்தாலும் நிபந்தனை நீங்குவதில்லை. இத்தகைய குறிப்பு கண்ணில் பட்டால் பத்திரத்தைப் பற்றி யோசிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்தக் குறிப்பின் பின்னணியை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பதிவுத் துறையின் பக்கம் வந்தால், வில்லங்கச் சான்றே வாசல். பதிவுத் துறையின் இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு எண், காலம் ஆகியவற்றைக் கொடுத்து வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-ஐ ஒட்டிய ஆண்டிலிருந்து கணினியில் பதிவுகள் கிடைக்கின்றன. தொடக்க ஆண்டு அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். பதிவான ஆவணங்களின் எண், ஆண்டு, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், தபசில் எனப்படும் சொத்து விவரம் ஆகியவை இதில் வரும். ஒன்றுமே இல்லாவிட்டால் வில்லங்கமில்லை என்று படிவம் 16-இல் சான்று கிடைக்கும்.

அந்த 16-ஆம் படிவத்தைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள்தான் பின்னால் அதிகம் தவிக்கிறார்கள். கொடுத்த எண்ணுக்கு எதிரே பதிவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். இன்று 124/2ஏ என்று இருக்கும் உட்பிரிவு, 1978-இல் எழுதிய பத்திரத்தில் 124/2 என்றோ வெறும் 124 என்றோ இருந்திருக்கும். அதற்கும் முந்தைய பத்திரத்தில் புல எண்ணே வேறாக இருந்திருக்கும். எனவே தாய் எண்ணையும், பழைய எண்ணையும், உட்பிரிவையும் தனித்தனியாகக் கொடுத்துத் தேட வேண்டும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். கிராமம் எந்தப் பதிவு அலுவலகத்தின் எல்லையில் இருந்தது என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கும். புதிய அலுவலகம் திறக்கப்பட்டிருந்தால் அதற்கு முந்தைய பதிவுகளைத் தாய் அலுவலகத்தின் பெயரிலும் தேட வேண்டும்.

கணினிக் காலத்துக்கு முந்தைய தேடலுக்கு நேரில் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. இங்கேதான் இணையத் தேடலில் இல்லாத ஒரு வசதி கிடைக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொத்துக்கு ஓர் அட்டவணையும், ஆட்களின் பெயருக்கு ஓர் அட்டவணையும் வைத்திருக்கச் சொல்கிறது. 57-ஆம் பிரிவின்படி அசையாச் சொத்துகளுக்கான 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம், நகல் கேட்கலாம். புல எண் குழப்பமாக இருக்கும் நிலத்துக்குத் தாத்தாவின் பெயரையும் அவருடைய தகப்பனார் பெயரையும் வைத்துத் தேடுவதே பலன் தரும். எண்கள் மாறிக்கொண்டே வந்திருக்கும். எழுதிவாங்கியவரின் பெயர் பத்திரத்தில் அப்படியே நிற்கும். இது நாள் பிடிக்கும் வேலை, ஊழியர்களின் ஒத்துழைப்பும் வேண்டும் என்பது உண்மையே. ஆனாலும் பூர்வீக நிலத்துக்கு இந்தத் தேடலைத் தவிர்க்கக் கூடாது. வங்கிகள் கேட்கும் 13 ஆண்டு, 30 ஆண்டு வில்லங்கம் கடனுக்குப் போதுமானதாக இருக்கலாம். பங்காளிகளுக்கிடையே உரிமையை முடிவுசெய்ய, தாத்தாவுக்கு நிலம் வந்த நாள் வரை பின்னோக்கிப் போயாக வேண்டும். அவர் கிரயம் வாங்கியதா, அவருடைய தகப்பனாரிடமிருந்து பாகத்தில் வந்ததா என்பதைப் பொறுத்தே யாருக்கு எவ்வளவு என்பது மாறுகிறது.

வில்லங்கச் சான்றில் வரவே வராதவை சிலவும் உள்ளன. பதிவான உயில் 3-ஆம் புத்தகத்தில் இருப்பதால் வில்லங்கத்தில் தெரியாது. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அதன் நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே கிடைக்கும்; இறந்த பிறகு விண்ணப்பிக்கும் எவருக்கும் கிடைக்கும். எனவே தாத்தாவின் இறப்புச் சான்றை இணைத்து உயில் அட்டவணையிலும் தேடச் சொல்ல வேண்டும். உயிலை எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம் என்பதால், நிலம் இருக்கும் ஊரோடு நின்றுவிடாமல் அவர் கடைசியாக வாழ்ந்த ஊரின் அலுவலகத்திலும் பார்ப்பது நல்லது. பதியாமல் வீட்டில் வைத்திருக்கும் உயிலும் சட்டப்படி செல்லும். அதற்குப் பெட்டியைத்தான் தேட வேண்டும். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு எழுதிவைத்த கூர்ச்சீட்டும் அப்படித்தான்.

தபசிலில் உள்ளது நிலத்தில் இருக்கிறதா

பழைய பத்திரத்தின் நகல் கைக்கு வந்ததும், அதன் தபசிலை இன்றைய புலப்படத்தோடு ஒப்பிடும் வேலை தொடங்குகிறது. காவிரிப் பாசனப் பகுதிப் பத்திரங்களில் பரப்பு மா, குழிக் கணக்கில் இருக்கும். 144 சதுர அடி கொண்ட குழிகள் 100 சேர்ந்தது ஒரு மா. அது ஏறத்தாழ 33 சென்ட். 20 மா ஒரு வேலி, அதாவது 6.6 ஏக்கர். பட்டாவிலோ எல்லாம் ஹெக்டேர், ஏர் கணக்கு. ஓர் ஏர் 2.47 சென்ட். பத்திரத்தில் ‘இரண்டு மா’ என்று இருந்தால் பட்டாவில் 26.75 ஏர் அளவில் வர வேண்டும். அரை ஏர் அளவு வேறுபாடு வரப்பிலும் வாய்க்காலிலும் போயிருக்கலாம். ஐந்து ஏர் குறைந்தால் அது வேறொருவர் பட்டாவில் சேர்ந்திருக்கிறது என்று கொண்டு தேட வேண்டும்.

பரப்பைவிட எல்லைகளை நான் பெரிதாக மதிப்பேன். ‘இன்னார் நிலத்துக்கு மேற்கு, பொது வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று எழுதிய நான்கெல்லை, அளவு தவறியிருந்தாலும் இடத்தைக் காட்டிவிடும். எல்லையில் குறிக்கப்பட்ட பக்கத்து நிலக்காரரின் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், அதில் நம் தாத்தாவின் பெயர் எல்லையாக வந்திருக்கும். ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் இத்தகைய இரண்டு ஆவணங்கள், ஒரே குடும்பத்தின் பத்து ஆவணங்களைக் காட்டிலும் வலுவானவை. எல்லையாகச் சொன்ன ஆட்கள் இறந்து, அவர்கள் நிலம் இரண்டு கை மாறியிருக்கும் நிலையில், அந்தப் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் ஊரில் உள்ளபோதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

எந்தப் பத்திரம்

நிலத்துக்கு உரியவர் உயிருடன் இருக்கிறாரா இல்லையா என்பதே முதல் பிரிவினை. அவர் உயிருடன் இருந்து, நிலம் அவருடைய சுய சம்பாத்தியமாகவும் இருந்தால், தானசெட்டில்மெண்ட் (விலையின்றி எழுதிக்கொடுக்கும் பத்திரம்), உயில் என்ற இரண்டுக்கும் இடையேதான் தேர்வு. குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், உச்ச அளவு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்ச அளவு 10,000 ரூபாய். 12 லட்சம் ரூபாய் மதிப்புள்ள நிலத்துக்கு 12,000 ரூபாய் தீர்வையும் 10,000 ரூபாய் கட்டணமும் ஆகும். அதே நிலத்தைக் கிரயமாக எழுதினால் 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதக் கட்டணமும் சேர்ந்து 1,08,000 ரூபாய். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே இல்லை, பதிவும் கட்டாயமில்லை.

செலவை மட்டும் பார்த்தால் உயில்தான் வெல்கிறது. ஆனால் உயில் இறப்புக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும், எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், சாட்சிகளைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டிய தேவையும் வரும். செட்டில்மெண்ட் அன்றே உரிமையை மாற்றிவிடுகிறது. நிபந்தனையில்லாமல் எழுதி, பெற்றவர் ஏற்றுக்கொண்ட பின் எழுதியவர் தாமாக ரத்து செய்ய முடியாது. கிராமத்தில் வயதானவர்களிடம் இந்த வேறுபாட்டை யாரும் நின்று நிதானமாக விளக்குவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். மகனுக்கு நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு அவன் கையை எதிர்பார்க்கும் நிலை ஒரு தாய்க்கு வரக் கூடாது. செட்டில்மெண்ட் எழுதுவதானால் ஆயுள்வரை அனுபவிக்கும் பாத்தியத்தைத் தமக்கே நிறுத்திவைத்துக்கொண்டு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தைச் செல்லாதென அறிவிக்கக் கோரும்போது, எழுதப்பட்ட நிபந்தனைதான் கைகொடுக்கும்.

உரியவர் உயில் எழுதாமல் இறந்துவிட்ட நிலத்துக்கு, வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து எழுதும் பாகப்பிரிவினைப் பத்திரமும், ஒருவர் தம் பங்கை மற்றொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும் எதிரெதிரே நிற்கின்றன. குடும்பத்துக்குள் என்றால் இரண்டுக்கும் அதே 1 சதவீதமும் அதே உச்ச அளவுகளும்தான். பாகப்பிரிவினையில் அந்த உச்ச அளவு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகக் கணக்காகும். குடும்பம் என்று தீர்வைச் சட்டம் எந்த உறவுகளைக் கொள்கிறது என்பதைப் பத்திரம் எழுதுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். வரையறைக்கு வெளியே உள்ள உறவு ஒன்று சேர்ந்தாலும் தீர்வை உயரும்.

விடுதலைப் பத்திரம் எளிது. அளக்க வேண்டாம், உட்பிரிவு வேண்டாம், ஒருவர் கையெழுத்திட்டால் முடிந்தது. அந்த எளிமையே அதைச் சகோதரிகளுக்கு எதிரான கருவியாகவும் ஆக்கிவிட்டது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலில்லாமல் இறந்த தகப்பனாரின் சொத்தில் மகளும் மகனும் சமமான முதல் வகுப்பு வாரிசுகள். கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கு மகனுக்கு இணையான உரிமையை அளித்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் மணமான மகள்களுக்கும் அதை விரித்தது. பிறப்பாலேயே வரும் உரிமை அது என்பதை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் உறுதிசெய்தது. இவ்வளவுக்குப் பிறகும், ‘கல்யாணத்தில் நகை போட்டாயிற்று’ என்று சொல்லி அக்காவையும் தங்கையையும் ஒரு நாள் அழைத்துவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் வழக்கம் நிற்கவில்லை. தங்கை மனமொப்பி விட்டுக்கொடுப்பது அவர் உரிமை; ஆனால் தமக்கு என்ன பங்கு இருந்தது, அதன் மதிப்பு என்ன என்பதை அறிந்த பிறகே அவர் அதைச் செய்ய வேண்டும். கொடுக்காத தொகையைக் கொடுத்ததாக எழுதும் விடுதலைப் பத்திரம் பின்னாளில் நீதிமன்றத்தில் நிற்பதற்கே தடுமாறும். தகப்பனார் உயிருடன் இருக்கும்போதே, அவருடைய சுய சம்பாத்தியத்தில் பின்னால் வரப்போகும் பங்கை மகளிடமிருந்து விடுதலை வாங்குவது பொதுவாகச் செல்லாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வராத பங்கை விட்டுக்கொடுக்கச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இடம் தரவில்லை.

பாகப்பிரிவினைக்கு உழைப்பு அதிகம். எல்லோரும் ஒன்றுகூட வேண்டும், நிலத்தை அளக்க வேண்டும், வழியும் வாய்க்காலும் கிணறும் யாருக்கு எப்படி என்று பேசித் தீர்க்க வேண்டும். ஆயினும் உழுதுகொண்டிருக்கும் நிலத்துக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஒவ்வொருவர் பாகத்துக்கும் தனித் தபசிலும் நான்கெல்லையும் அமைவதால், அடுத்த தலைமுறைக்கு அதுவே மூலப்பத்திரமாகிறது. பாதைக்கும் தண்ணீருக்கும் உள்ள உரிமையை எழுத்தில் கொண்டுவர வாய்ப்பு தருவது இந்தப் பத்திரம் ஒன்றுதான். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, மின் இணைப்பு யார் பெயரில், முறைத் தண்ணீர் எப்படி என்பதை விட்டுவிட்டுப் பரப்பை மட்டும் பிரித்த பத்திரங்களே பெரும்பாலான வரப்புச் சண்டைகளுக்கு விதை.

கூர்ச்சீட்டோடு நின்றுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முன்பே வாய்மொழியாக முடிந்த பிரிவினையை நினைவுக்காக எழுதிவைத்தது மட்டுமே என்றால் அதற்குப் பதிவு தேவையில்லை. அந்தத் தாளே நிலத்தைப் பிரிக்கிறது என்றால் பதிவு கட்டாயம். எந்த வகையில் சேரும் என்பதை வழக்கு வந்த பிறகு வாசகங்களைப் பார்த்து நீதிபதி முடிவுசெய்வார். மேலும் 2004 டிசம்பர் 20-க்கு முந்தைய பிரிவினை, பதிவான பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ நடந்திருந்தால்தான் மகள்களின் உரிமைக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படும். வாய்மொழிப் பிரிவினை என்ற வாதத்தை மிக அரிதாகவே, அரசு ஆவணங்களின் துணையுடன் மட்டுமே ஏற்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பழைய கூர்ச்சீட்டு இருந்தால் அதை ஆதாரமாகக் கொண்டு, இப்போது உள்ள எல்லா வாரிசுகளும் கையெழுத்திடும் பதிவுப் பத்திரமாக அதை மாற்றிக்கொள்வதுதான் சரி.

ஒரு வாரிசு ஒத்துவராவிட்டால் நீதிமன்றத்தில் பாகவழக்குப் போடுவது ஒன்றே மீதமுள்ள வழி. அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் எழுதிக்கொள்ளும் பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது.

வெளிநாட்டில் உள்ள பங்குதாரர் வர இயலாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பொது அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுப் பத்திரப் பதிவு நாளன்று திரும்பிப் போனவர்கள் பலர். பாகப்பிரிவினையோ விடுதலையோ எதுவானாலும், கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மேலும் நான்கு மாதம் வரை, பதிவுக் கட்டணத்தின் பத்து மடங்குக்கு மிகாத அபராதத்துடன் ஏற்றுக்கொள்ளலாம்.

பதிவு முடிந்து பத்திரம் கைக்கு வந்த சில நாட்களில், புதிய ஆவண எண் சரியான புல எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் எதிரே ஏறியிருக்கிறதா என்று வில்லங்க விவரத்தில் பார்த்துவிட வேண்டும். தட்டச்சில் ஓர் எழுத்து மாறினாலும் அடுத்த முறை தேடுபவருக்கு அந்தப் பத்திரம் அகப்படாது, இப்போதே கண்டுபிடித்தால் பிழைதிருத்தல் பத்திரத்தில் சரிசெய்துவிடலாம். முழு உட்பிரிவும் ஒருவருக்கே போயிருந்து, எழுதிக்கொடுத்தவர் பெயரில் பட்டாவும் இருந்தால் பட்டா தானாக மாறும் வசதி இருக்கிறது. பூர்வீக நிலத்தில் பெரும்பாலும் புதிதாக உட்பிரிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால், நில அளவர் வரும் நாளில் பாகப்பிரிவினையில் கையெழுத்திட்ட அத்தனை பேரும், அல்லது அவர்கள் அனுப்பும் ஒருவராவது, நிலத்தில் இருந்து கல் நடுவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.